கவிழ்ந்த மீனும் கிராம்புத் தைலமும்

வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு நாள் இந்தச் சிக்கல் வந்தே தீரும். நீந்த முடியாத, இனித் தேறாது என்று தோன்றுகிற மீனை என்ன செய்வது? நாய்க்கும் மாட்டுக்கும் ஒன்று என்றால் தூக்கிக்கொண்டு ஓட வேப்பேரியில் 1903-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மீனை யாரும் அப்படித் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. குவளையில் மொண்டு வாசல் கால்வாயில் ஊற்றிவிட்டு, மாலையில் அதே நிறத்தில் வேறொன்றை வாங்கி வந்து விட்டால் பிள்ளைக்குக்கூட வித்தியாசம் தெரியாது. பூந்தமல்லியில் எங்கள் தெருவிலேயே அப்படிச் செய்கிற வீடுகள் உண்டு. குற்றம் சொல்லவில்லை. நானும் ஏறக்குறைய அந்த முடிவுக்குத்தான் வந்திருந்தேன். கூடுதலாக, அதற்குக் கருணை என்று ஒரு பெயரும் சூட்டியிருந்தேன். அந்தப் பெயரை என் மாமியார் ஒரே கேள்வியில் கழற்றிவிட்டார்.

தொட்டி வந்தது மகளுக்காக. சென்னையில் வண்ண மீன் என்றால் கொளத்தூர்தான். வரிசையாகக் கடைகள். பிளாஸ்டிக் கவரில் பாதி தண்ணீர், பாதி ஆக்சிஜன் நிரப்பி, ரப்பர் பேண்டால் இறுக்கித் தருவார்கள். சுற்று வட்டாரத்துச் சிமெண்டுத் தொட்டிகளில் வளர்வதெல்லாம் அங்கே வந்துதான் ஊர் ஊராகப் பிரிகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூர், பாடி வழியாகப் போனோம். மகள் கப்பியையும் மாலியையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கோல்டு ஃபிஷ் தொட்டியின் முன்னால் போய் நின்றுவிட்டாள். ஒராண்டா என்றார் கடைக்காரர். எலுமிச்சம்பழத்துக்கு வால் முளைத்த மாதிரி உடம்பு, தலையில் சிவப்பாக ஒரு சதைக் கொண்டை, இரட்டை வால். “நல்லா உருண்டையா இருக்கறதுக்குத்தான் சார் ரேட்டு” என்றார். நானும் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்து, இருப்பதிலேயே உருண்டையானதாக ஒன்றைப் பொறுக்கினேன். மகள் அதற்குக் குண்டு என்று பெயர் வைத்தாள்.

மழைக்காலம் முடிவதற்குள் குண்டு சாயத் தொடங்கியது. முதலில் தீனி தின்ற பிறகு மட்டும் பின்பக்கம் மேலே தூக்கும். அப்புறம் நாள் முழுக்க அப்படியே நின்றது. ஒரு காலையில் பார்த்தால் வயிறு மேலே, முதுகு கீழே என்று மிதந்துகொண்டிருந்தது. செத்துப்போய்விட்டது என்று நினைத்து வலையை எடுத்தேன். வலை பட்டதும் துடுப்புகளை அடித்துக்கொண்டு அந்தத் தலைகீழ் நிலையிலேயே தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. நாங்கள் பார்த்து நிற்கையிலேயே தண்ணீரின் மேல்மட்டத்தில் கிடந்த ஒரு தீனி உருண்டையை உறிஞ்சிக்கொண்டது.

எங்கள் பக்கத்துத் தெருப் பையன் பொன்னேரியில் டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரியில் படிக்கிறான். அவனை வரவழைத்தேன். “காத்துப் பை பிரச்சினை, அங்கிள்” என்றான். மீனின் வயிற்றுக்குள் ஒரு காற்றுப் பை இருக்கிறது. அதில் காற்றைக் கூட்டியும் குறைத்தும்தான் மீன் மேலேறாமல் கீழிறங்காமல் நினைத்த ஆழத்தில் நிற்கிறது. கெண்டைக் குடும்பத்தில் அந்தப் பை முன்னும் பின்னுமாக இரண்டு அறை கொண்டது. உணவுக்குழாயோடு ஒரு மெல்லிய குழலால் இணைந்தும் இருக்கும். நீண்ட உடம்புள்ள மீனில் இந்தச் சாமான்களுக்கெல்லாம் இடம் இருக்கிறது. குண்டு மாதிரி நெருக்கிச் சுருக்கிய உடம்பில் முதுகெலும்பும் குடலும் காற்றுப் பையும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு கிடக்கின்றன. பின்னறை சிறுத்துப்போவதும் உண்டு. கொஞ்சம் மலச்சிக்கல் வந்தாலே நிலை தவறிவிடும். தொற்று, பிறவிக் கோளாறு என்று வேறு காரணங்களும் இருக்கலாம் என்றான். சில நாள் பட்டினி போடச் சொன்னான். பிறகு பச்சைப் பட்டாணியை வேகவைத்துத் தோலுரித்து ஊட்டச் சொன்னான்.

அவன் சொன்ன இன்னொரு விஷயம் மனத்தில் ஒட்டிக்கொண்டது. கோல்டு ஃபிஷ்ஷின் முன்னோர் ஒல்லியான, சாம்பல் நிறக் கெண்டைகள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனாவில் குளத்துக் கெண்டைகளில் அபூர்வமாகச் சிவப்பாகப் பிறந்ததைத் தனியே பிரித்து வளர்த்தார்கள். குளத்திலிருந்து பாத்திரத்துக்குக் குடிவந்த பிறகுதான், வால் பிரிந்தது, முதுகுத் துடுப்பு இல்லாதது, கண் பிதுங்கியது, உடம்பு உருண்டது என்று குளத்தில் பிழைக்க முடியாத பிறவிகளையெல்லாம் மனிதர்கள் காப்பாற்றி இனமாக்கினார்கள். கண்ணுக்கு அழகாக இருந்தால் போதும் என்பதே அளவுகோல். குண்டின் நோய்க்கு முக்கால் பங்கு அதன் உருவம்தான் காரணம். அந்த உருவத்துக்குத்தான் நான் கூடுதல் விலை கொடுத்திருந்தேன்.

பட்டாணி ஓரளவு வேலை செய்தது. மல்லாந்து கிடந்த மீன் பக்கவாட்டில் சாயும் அளவுக்கு வந்தது. அதற்கு மேல் நிமிரவே இல்லை. நீர்மட்டத்துக்கு வெளியே தெரிந்த வயிற்றுப் பகுதி காய்ந்து சிவந்துவிடும் என்பதால், பழைய காய்கறிக் கூடை ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் அழுத்திவைத்து, அதன் அடியில் குண்டை விட்டோம். தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. எங்கள் பகுதியில் போர் தண்ணீர் உப்பு, குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனை. பிடித்துவைத்து ஒரு நாள் ஆறவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். மகள் விரல் நுனியில் தீனியை வைத்து நீட்டினால் குண்டு சாய்ந்தபடியே வந்து கவ்விக்கொள்ளும். அவளுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. “குண்டு படுத்துக்கிட்டே நீந்துது” என்று தோழிகளைக் கூட்டிவந்து காட்டினாள்.

எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. இதுதான் நான் ஒப்புக்கொள்ள வேண்டியது. தொட்டி இருந்தது முன்கூடத்தில். வருகிறவர்கள் கண்ணில் முதலில் அதுதான் படும். “ஐயோ, இது செத்துட்டிருக்கே” என்பார்கள். நான் ஒவ்வொரு தடவையும் காற்றுப் பையை விளக்குவேன். அலுவலகம் விட்டுத் திருமழிசையிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது இன்றைக்காவது செத்திருக்காதா என்று நினைத்திருக்கிறேன். வீட்டுக்குள் நுழைந்ததும் தொட்டிப் பக்கம் பார்க்காமல் நேரே உள்ளே போகப் பழகினேன். மனைவியிடம் மட்டும் வேறு மாதிரி சொன்னேன்: “பாவம் அது, எவ்வளவு கஷ்டப்படுது பாரு. இப்படி வெச்சிருக்கறதுதான் பாவம்.” சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மையாகிவிட்டது.

மீன் வாங்கப் போன ஒரு கடையில் கேட்டேன். கடைக்காரர் சர்வசாதாரணமாகச் சொன்னார்: “ஃப்ரீசர்ல வெச்சுடுங்க சார். தூங்கற மாதிரி போயிடும்.” பொன்னேரிப் பையனிடம் இதைச் சொன்னதும் அவன் முகம் மாறிவிட்டது. கோல்டு ஃபிஷ் குளிர்நாட்டு மீன். உறைந்த குளத்தின் பனிக்கட்டிக்கு அடியில் குளிர்காலம் முழுக்க உயிரோடு இருக்கக்கூடியது. ஆக்சிஜன் தீர்ந்துபோனால்கூட, உடம்பில் சேரும் லாக்டிக் அமிலத்தைச் சாராயமாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றிப் பிழைத்துக்கொள்ளும். உயிரினங்களில் வெகு சிலவற்றுக்கே வாய்த்த வித்தை அது. அவ்வளவு லேசில் சாகாத உடம்பை மெதுவாகக் குளிர வைத்தால் மெதுவாகத்தான் சாகும். தண்ணீரை விட்டு வெளியே எடுத்துப் போட்டாலும் அப்படித்தான். கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது சாகிற இடம் நம் கண்ணுக்குத் தெரியாத இடமாக மாறுகிறது, வேறொன்றும் மாறுவதில்லை. “நீங்க பார்க்காம இருக்கறதுக்கு நல்ல வழி எல்லாமே மீனுக்குக் கெட்ட வழி, அங்கிள்” என்றான். கல்லூரிப் பையன் பேச்சு மாதிரி இல்லை. உறைத்தது.

சரியான வழி எது என்று கேட்டேன். கிராம்புத் தைலம் என்றான். நம் வீடுகளில் பல்வலிக்குப் பஞ்சில் தொட்டு வைக்கிற அதே தைலம். அதிலுள்ள யூஜெனால் மீனுக்கு மயக்க மருந்து. குறைந்த அளவில் கொடுத்தால் மயங்கும், மறுபடி நல்ல தண்ணீரில் விட்டால் தெளியும். மீன் பண்ணைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் எடை பார்க்கவும் முட்டை பிழியவும் இப்படி மயக்குவதுண்டு. அளவைக் கூட்டினால் மயக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கத்தின் கருணைக்கொலை வழிகாட்டியும் ஏற்றுக்கொண்ட முறை இது. கிராம்பு நமக்கு அந்நியச் சரக்கும் இல்லை. கன்னியாகுமரி மலைகளில் விளையும் கிராம்புக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் வாங்கினேன். “பல்வலியா?” என்றார் கடைக்காரர். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அப்போது மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார். அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். பாட்டிலை மேசையில் வைத்ததைப் பார்த்துவிட்டு என்ன என்றார். சொன்னேன். மீன் படும் பாட்டையும், மருந்தில்லை என்பதையும், இந்தத் தைலத்தில் வலியே தெரியாமல் போய்விடும் என்பதையும் விளக்கினேன். அவர் தொட்டியருகே போய்ச் சற்று நேரம் நின்றார். குண்டு மகள் விரலைத் தேடி மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அத்தை திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஏன் மாப்ள, எண்ணெ வைக்கப் போறீகளா?”

விருதுநகர் மாவட்டத்தைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் புரியும். தலைக்கூத்தல் என்று ஒன்று அந்தப் பக்கத்துச் சில ஊர்களில் இருந்தது. படுக்கையில் விழுந்த முதியவருக்கு விடியற்காலையில் தலை நிறைய எண்ணெய் வைத்துக் குளிர்ந்த தண்ணீரில் குளிப்பாட்டி, இளநீரும் கொடுப்பார்கள். காய்ச்சல் கண்டு, ஓரிரு நாளில் கதை முடியும். 2010-ல் வீட்டில் பேசிக்கொண்டதைக் கேட்டு ஒரு பெரியவர் தப்பி ஓடியதாகச் செய்தி வந்தபோதுதான் வெளியுலகம் இதைப் பற்றிப் பேசியது. பிரியா கிருஷ்ணசாமி இயக்கிய ‘பாரம்’ படமும் இதைப் பற்றியதுதான். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. எண்ணெய் வைத்தவர்களில் ஒருவர்கூடத் தான் கொலை செய்வதாக நினைத்திருக்க மாட்டார். “பாவம், எவ்வளவு கஷ்டப்படுது” என்றுதான் சொல்லியிருப்பார்கள். மலம் அள்ளியவர்கள், தூக்கம் கெட்டவர்கள், கூலி வேலையை விட்டுவிட்டுக் காவல் இருந்தவர்கள். அவர்களுடைய களைப்பை நான் எள்ளி நகையாடவில்லை. ஆனால் அந்தக் களைப்பு கிழவரின் வலி என்கிற பெயரில்தான் பேசியது.

மனிதரையும் மீனையும் ஒரே தட்டில் வைக்கிறாயா என்று கேட்டால், இல்லை. அத்தையும் வைக்கவில்லை. அவர் அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டது கெண்டை மீன் குழம்பு. அவர் பார்த்தது மீனை இல்லை, என் பேச்சை. அந்தப் பேச்சை அவர் இதற்கு முன்னால் எங்கேயோ கேட்டிருக்கிறார். எந்த ஊரில், எந்த வீட்டில் என்று நான் கேட்கவில்லை. மேற்கொண்டு அவரும் ஒன்றும் சொல்லவில்லை. மகள்தான் உள்ளேயிருந்து கேட்டாள், “அது நல்லாத்தானேப்பா சாப்பிடுது?”

பாட்டிலைத் தூக்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் குண்டை உண்மையாகவே கவனிக்க ஆரம்பித்தேன். செவுள் மூடி எவ்வளவு வேகமாக அடிக்கிறது, கழிவு எப்படி விழுகிறது, சிவப்புத் திட்டு பெரிதாகிறதா, மகள் வந்தால் அசைகிறதா என்றெல்லாம் பார்த்தேன். மீனுக்கு வலிக்குமா என்று படிக்கவும் செய்தேன். அதற்கு முன்பு, வலிக்கும் என்று எனக்கு வசதியானபோது சொன்னேன், ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் குழம்பு சாப்பிடும்போது அந்த நினைப்பே எழுந்ததில்லை. லின் ஸ்னெடன் என்ற விஞ்ஞானியும் அவர் கூட்டாளிகளும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், டிரௌட் மீன்களின் உதட்டில் அசிட்டிக் அமிலமும் தேனீ விஷமும் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். அமிலம் ஏற்றிய மீன்கள் உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன. மூச்சு வேகம் கூடியது, நெடுநேரம் தீனி எடுக்கவில்லை. மார்ஃபின் கொடுத்தபோது அந்த அறிகுறிகள் குறைந்தன. மூளையில் மேற்புறணி இல்லாத உயிருக்கு வலி என்கிற உணர்வு இருக்க முடியாது என்று பிரயன் கீ 2016-ல் எழுதினார். வாதம் இன்னும் ஓயவில்லை. எனக்கு அதில் பட்டது ஒன்றுதான். வலியில் இருக்கிற மீன் தீனியை மறந்துவிடுகிறது, செவுள் படபடக்கிறது. குண்டிடம் இரண்டும் இல்லை. அது ஊனமுற்ற மீன், அவ்வளவுதான். வேதனையில் இருக்கிற மீன் என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை. வேதனை என்று நான் எடுத்துக்கொண்டதெல்லாம் அது இருந்த கோணத்தைத்தான்.

கொல்வதைப் பற்றி என்னைவிடத் தெளிவாக யோசித்தவர் எங்களுக்கு மீன் விற்கும் அக்கா. செம்பரம்பாக்கம் ஏரி மீன். கெண்டை, கட்லா, ஜிலேபி, சில நாள் உயிரோடு விரால். விராலை எடுத்ததும் தலையில் ஒரு கட்டையால் ஓங்கி ஒரே போடு போட்டுவிட்டுத்தான் சாம்பலைத் தொடுவார். விராலுக்குக் காற்றையே சுவாசிக்கத் தெரியும். கூடையில் போட்டுவைத்தால் வெகுநேரம் உயிரோடு கிடக்கும். “எதுக்கு அடிக்கிறீங்க, தானா செத்துடாதா?” என்று ஒரு தடவை கேட்டேன். “துடிக்க விட்டா அதுக்கும் பாவம், கறியும் கெட்டுப்போவும்” என்றார். இரண்டு காரணத்தையும் ஒரே மூச்சில் சொன்னார், எது முதல் காரணம் என்ற குழப்பம் அவருக்கு இல்லை. ஜப்பானியர்கள் மீனின் மூளையில் கூர்முனையைச் செருகி நொடியில் கொல்வதும் இதே கணக்கில்தான்.

சட்டம்கூட அக்காவின் பக்கம்தான் நிற்கிறது. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் விலங்கு என்றால் மனிதர் தவிர்த்த எந்த உயிரும். மீனும் அதில் அடக்கம். உணவுக்காகக் கொல்ல அந்தச் சட்டம் விலக்குக் கொடுக்கிறது, தேவையில்லாத வேதனை கொடுத்தால் அந்த விலக்கு இல்லை. இந்தச் சட்டம் வரக் காரணம் நம் சென்னைக்காரர்தான். மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் இதற்கு வித்து. 1962-ல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது முதல் தலைவர் அவரே. வாரியத்தின் தலைமையகமும் நெடுங்காலம் சென்னையிலேயே இருந்தது. வதை என்றால் வண்டிமாட்டைச் சாட்டையால் அடிப்பது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். ஃப்ரீசரில் வைக்கிற மீன் அந்தச் சட்டத்துக்குள் வரும் என்று தோன்றியதே இல்லை.

குண்டு அப்படியே அடுத்த வெயில்காலத்தையும் தாண்டியது. கூடைக்கு அடியில் சாய்ந்த வாழ்க்கை. விருந்தாளிகளிடம் காற்றுப் பையை விளக்குவதை நான் விட்டுவிட்டேன், மகள் ஏற்றுக்கொண்டாள். பிறகு ஒரு வாரத்தில் எல்லாம் மாறியது. வயிறு வீங்கியது. மேலேயிருந்து பார்த்தால் செதில்கள் ஒவ்வொன்றும் உடம்பை விட்டு விறைத்து நின்றன. கண் வெளியே தள்ளியது. இதை டிராப்ஸி என்பார்கள். சிறுநீரகம் செயலிழந்து உடம்புக்குள் நீர் கோத்துக்கொள்ளும். பாக்டீரியாத் தொற்றுதான் பெரும்பாலும் காரணம், செதில் நிமிர்ந்த பிறகு பிழைப்பது அபூர்வம். பொன்னேரிப் பையன் சொன்னபடி மெக்னீசியம் சல்பேட் உப்புக் குளியலும் மருந்துத் தீனியும் கொடுத்துப் பார்த்தோம். தீனியை வாயில் வாங்கித் துப்பியது. அப்புறம் வாங்கவே இல்லை. செவுள் ஓயாமல் அடித்தது. மகள் விரலை நீட்டி வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். குண்டு வரவில்லை.

அந்த நாட்களில் காந்தியின் கன்றுக்குட்டி நினைவுக்கு வந்தது. 1928-ல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று அடிபட்டு, தேறும் வழியில்லாமல், புரண்டு படுக்கவும் முடியாமல் துடித்தது. காந்தி ஒரு மருத்துவரை வரவழைத்து ஊசி போட்டு அதன் உயிரைப் போக்கினார். பசுவின் கன்றை, அதுவும் அகிம்சை பேசுகிறவர் கொன்றுவிட்டார் என்று நாடு கொந்தளித்தது. வசைக் கடிதங்கள் வந்து குவிந்தன. அவர் மறைக்கவில்லை, தன் பத்திரிகைகளில் விளக்கம் எழுதினார். அந்த விளக்கத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டவை மூன்று. அந்தக் கன்றுக்குச் செய்யக்கூடிய சிகிச்சை எல்லாம் செய்து முடிந்திருந்தது. கொல்வதால் கொல்பவருக்கு லாபம் ஏதும் இல்லை. தன் சொந்தப் பிள்ளை அப்படிப்பட்ட நிலையில் இருந்தாலும் இதையே யோசிப்பேன் என்று சொல்ல அவருக்குத் துணிவிருந்தது. முதல் தடவை நான் கிராம்புத் தைலம் வாங்கியபோது இந்த மூன்றில் ஒன்றிலும் தேறியிருக்க மாட்டேன். பட்டாணியைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. முன்கூடம் சுத்தமாகும் என்கிற லாபம் இருந்தது. மூன்றாவதை நினைத்துப் பார்க்கவே துணியவில்லை.

இந்தத் தடவை மகளிடம் முதலில் சொன்னேன். வேறு மீன் வாங்கி மாற்றிவைக்கும் யோசனையை மனைவி சொன்னாள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. மகள் அழுதாள். பிறகு, வலிக்குமா என்று கேட்டாள். தூக்கம் வரும், அந்தத் தூக்கத்தில் போய்விடும் என்றேன். பக்கத்தில் இருக்கிறாயா என்றதற்கு வேண்டாம் என்றாள். பாட்டியோடு மாங்காடு கோயிலுக்குப் போனாள்.

தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் மொண்டு குண்டை அதில் விட்டேன். தைலம் தண்ணீரில் தானாகக் கரையாது. சின்ன பாட்டிலில் வெதுவெதுப்பான நீரோடு சேர்த்து வெள்ளையாகக் கலங்கும்வரை குலுக்கி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வாளியில் விட்டேன். வீடு முழுக்கப் பல் வைத்தியர் அறை வாசனை. முதலில் நீச்சல் தளர்ந்தது. அப்புறம் அசைவு நின்று, செவுள் மட்டும் மெதுவாக அடித்தது. வாலைத் தொட்டுப் பார்த்தேன், உணர்வில்லை. மிச்சத்தையும் ஊற்றினேன். செவுள் நின்றது. செவுள் நின்ற பிறகும் மீனின் இதயம் கொஞ்ச நேரம் துடித்துக்கொண்டிருக்கும் என்பதால் உடனே எடுக்கக் கூடாது என்று பையன் எச்சரித்திருந்தான். உறுதி செய்துகொள்ள, மயங்கிய பிறகு தலையில் ஒரு அடி கொடுப்பது நல்லது என்றும் சொல்லியிருந்தான். மீன் விற்கும் அக்கா தினமும் செய்கிற அந்தக் காரியத்துக்கு என் கை வரவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் தைலத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு, செம்பருத்திச் செடிக்கு அடியில் புதைத்தேன்.

அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். இதையும் சொல்லத்தான் வேண்டும். துக்கத்தோடு ஒரு நிம்மதியும் இருந்தது. கூடையை எடுத்துக் கழுவி வெயிலில் காயவைத்தபோது இனித் தண்ணீர் மாற்ற வேண்டாம் என்று தோன்றியது. செய்தது சரி என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அந்த நிம்மதியின் ருசி எனக்குப் பழக்கமானது. முதல் தடவை பாட்டில் வாங்கி வந்தபோது நான் தேடியதும் அதைத்தான். சரியான காரியத்திலும் தவறான காரியத்திலும் ஒரே நிம்மதி கிடைக்கிறது என்றால், அதை வைத்து எதையும் அளக்க முடியாது. அளக்க வேண்டியது மீனிடம்தான்: தின்கிறதா, மூச்சு எப்படி இருக்கிறது, தேற வழி மிச்சமிருக்கிறதா.

தெரிந்தவர்கள் இப்போது மீன் விஷயமாக எனக்கு ஃபோன் செய்கிறார்கள். பாதிப் பேரிடம் இருப்பது குண்டு மாதிரி சாய்ந்த மீன், ஒற்றைக் கண் மீன், வால் கிழிந்த ஃபைட்டர். தின்கிறது என்றால் விட்டுவிடுங்கள் என்கிறேன். சிலர், கொல்ல மனம் வராமல் செம்பரம்பாக்கம் ஏரியில் விட்டுவிடட்டுமா என்கிறார்கள். அது சென்னை குடிக்கிற தண்ணீர். நோயுள்ள மீனை அங்கே விடுவது ஏரி மீனுக்கும் கேடு. பிழைத்துக்கொண்டாலோ இன்னும் கேடு. பாசி தின்னும் என்று தொட்டிக்கு வாங்கி, பெரிதானதும் நீர்நிலைகளில் கொட்டிய சக்கர் மீன் இன்று தமிழ்நாட்டில் பல இடங்களில் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

2017 மே மாதம் மத்திய அரசு வண்ண மீன் கடைகளுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. பிழைப்பு போய்விடும் என்று வியாபாரிகள் எதிர்த்தார்கள், பிறகு விதிகள் திரும்பப் பெறப்பட்டன. அந்த வியாபாரத்தை நம்பி எத்தனையோ வீடுகள் இருக்கின்றன, அவர்கள் கோபம் நியாயம்தான். அவர்கள் வளர்ப்பது நாம் கேட்பதைத்தான். உருண்டையாக வேண்டும் என்று கேட்டோம், ஒராண்டா வந்தது. வயிறு பெருத்து முதுகெலும்பு வளைந்ததைக் கேட்டோம், பலூன் மாலி வந்தது. வாயை முழுசாக மூடவும் முடியாத பிளட் பாரட்டைச் சிரிக்கிற மீன் என்று சொல்லி வாங்குகிறோம். அழகு என்று விலை கொடுத்து வாங்கிய உடம்பு, அந்த அழகாலேயே கவிழும்போது அதைப் பார்க்கச் சகிக்காமல் கருணைக்கொலையைப் பற்றி யோசிக்கிறோம். நான் யோசித்தது இந்த வரிசையில்தான்.

அடுத்த தடவை கொளத்தூர் போகிறவர்கள், கடைக்காரர் உருண்டையானதை எடுத்துக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பெரிய தொட்டி வைக்க இடமிருந்தால் நீண்ட உடம்பும் ஒற்றை வாலும் உள்ள சாதாரணக் கோல்டு ஃபிஷ் கேளுங்கள். இடமில்லை என்றால் நம் நாட்டு ஜீப்ரா டேனியோ போதும். விலையும் குறைவு, நேராகவும் நீந்தும்.